இன்ஜினியர், டிரேடர், மேயர்: ப்ளூம்பெர்க் கதையும் மதுரை மேயர் நாற்காலியும்

மாநகராட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே தல்லாகுளம் டீக்கடையில இருந்து தெரு வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஒரு வாதம் தவறாம வந்துரும். "கட்சிக்காரன் வேணாம்ப்பா, ஒரு இன்ஜினியர் வரட்டும், இல்ல தொழில் பண்ணி நாலு பேருக்கு சம்பளம் குடுத்துப் பழகுன ஆளு வரட்டும், ஊர் தானா திருந்தும்." இதை யாராச்சும் மறுத்துப் பேசுனா அடுத்த நிமிஷமே நியூயார்க் மேயரா இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்க் பேரை இழுப்பாங்க. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர், ஷேர் மார்க்கெட்ல டிரேடர், சொந்தக் கம்பெனி போட்டுக் கோடீஸ்வரர் ஆனவர், அப்புறம் 12 வருஷம் மேயர். நாலுமே உண்மைதான். ஆனா அதுல இருந்து நம்ம ஊருக்கு எடுக்கிற முடிவு சரியான்னு பாக்கணும்னா ரெண்டு விஷயத்தைத் தனித்தனியாப் பிரிச்சுக்கணும். அந்த ஆளு கையில என்ன கொண்டு வந்தாரு, அந்த நாற்காலி அவர் கையில என்ன குடுத்துச்சு. இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதுனாலதான் வாதம் முடியவே மாட்டேங்குது.

டிரேடர்னா நம்ம ஊரு வியாபாரி இல்ல

மதுரையில வியாபாரின்னா கீழமாசி வீதி மண்டிதான் கண்ணுக்கு வரும். மூட்டை வரும், இறக்குவாங்க, எடை போடுவாங்க, விப்பாங்க. ப்ளூம்பெர்க் பண்ணுன வியாபாரத்துல மூட்டையே கிடையாது. அதுக்குப் பேரு பிளாக் டிரேடிங். ஒரு பென்ஷன் ஃபண்டு கையில லட்சக்கணக்குல ஷேர் இருக்கு, மொத்தமா விக்கணும்னு நினைக்குதுன்னு வைங்க. அம்புட்டையும் ஒரே நேரத்துல சந்தையில கொட்டுனா விலை விழுந்துரும். அதனால நடுவுல ஒரு கம்பெனி நின்னு, தன்னோட சொந்தக் காசையே போட்டு மொத்தமா வாங்கிக்கிட்டு, அப்புறம் அங்கிட்டு இங்கிட்டு ஆள் பிடிச்சுத் தள்ளிவிடும். விலையைக் கணிக்கிறதுல தப்புனா நஷ்டம் முழுக்க நடுவுல நின்னவனுக்கு. யோசிக்க ஒரு நாள் டைம் கிடையாது, போன்ல இருக்கும்போதே விலை சொல்லணும்.

இன்ஜினியர்ங்கிற பட்டத்தையும் கொஞ்சம் அளந்துதான் எடுத்துக்கணும். 1942-ல் பாஸ்டன்ல பிறந்தவர், மெட்ஃபோர்டுன்னு பக்கத்து ஊர்ல வளந்தவர், அப்பா ஒரு பால் கம்பெனியில கணக்குப்பிள்ளை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 1964-ல் டிகிரி வாங்குனாரு, படிப்புச் செலவுக்குக் கடனும் வாங்கி கார் பார்க்கிங்லயும் வேலை பாத்தாரு. ஆனா டிகிரி வாங்குன கையோட ஹார்வர்டுக்கு எம்பிஏ படிக்கப் போயிட்டாரு, 1966-ல் சாலமன் பிரதர்ஸ்னு ஒரு வால் ஸ்ட்ரீட் கம்பெனியில சேந்துட்டாரு. சைட்டுல நின்னு காங்கிரீட் போட்ட இன்ஜினியர்னு யாரும் கற்பனை பண்ணிக்க வேணாம். படிப்பு குடுத்தது ஒரு பழக்கத்தை: எதையும் அளக்கணும், அளந்ததை எழுதணும், எழுதுனதை ஒப்பிடணும். (நம்ம ஊர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு பேங்க் எக்ஸாம் எழுதுற பசங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.)

வேலையை விட்டுத் தூக்குனதுல இருந்துதான் கதையே ஆரம்பம்

சாலமன்ல ஆரம்பத்துல அவருக்குக் கிடைச்சது லாக்கர் ரூம்ல பத்திரங்களைக் கையால எண்ணுற வேலை. அதுல இருந்து மேல வந்து 1972-ல் பார்ட்னர் ஆனாரு, பங்கு வியாபாரப் பிரிவையே பாத்துக்கிட்டாரு. அப்புறம் உள்ள நடந்த இழுபறியில அவரை அங்க இருந்து எடுத்து கம்ப்யூட்டர் சிஸ்டம் பக்கம் தள்ளிட்டாங்க. அந்தக் காலத்து வால் ஸ்ட்ரீட்ல அது மரியாதையான இடமாற்றம் இல்ல, நம்ம ஊர்ல ஒரு ஆபீசரைப் பிடிக்கலன்னா ரெக்கார்டு ரூமுக்கு மாத்துவாங்களே அந்த மாதிரி. 1981-ல் கம்பெனி கைமாறுனப்ப அவரையும் வெளிய அனுப்பிட்டாங்க. வயசு 39. பார்ட்னர்ங்கிறதால அவர் பங்கா 1 கோடி டாலர் கையில வந்துச்சு. இதை மறைச்சுட்டு "வெறுங்கையோட தெருவுக்கு வந்து ஜெயிச்சாரு"ன்னு மோட்டிவேஷன் வீடியோ போடுறவங்க பாதிக் கதையைத்தான் சொல்றாங்க.

அந்தப் பணத்துல அவர் செஞ்ச சாமானைப் புரிஞ்சுக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகணும். காலையில மல்லி கிலோ ஒரு விலை, பத்து மணிக்கு வேற விலை, முகூர்த்த நாள்னா சொல்லவே வேணாம். உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பூ கொண்டு வர்றவருக்கு இன்னைக்கு அடுத்த கடையில என்ன விலைக்குப் போகுதுன்னு தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். லாபத்துல பாதி அந்தத் தெரியும், தெரியாதுங்கிறதுலதான் இருக்கு. 1980 வாக்குல அமெரிக்காவுல கடன் பத்திரச் சந்தை கிட்டத்தட்ட இப்படித்தான். விலையெல்லாம் பெரிய வியாபாரிங்க நோட்டுலயும் தலையிலயும் இருக்கும், வாங்குறவங்க நாலு பேருக்கு போன் போட்டுத் தெரிஞ்சுக்கணும். ப்ளூம்பெர்க் ஒரு ஸ்கிரீனும் கீபோர்டும் வச்சு அந்த விலையையும், பழைய விலையையும், ரெண்டு பத்திரத்தை ஒப்பிடுற கணக்கையும் வாங்குறவங்க மேசையிலயே கொண்டு வந்து வச்சாரு. அதுதான் ப்ளூம்பெர்க் டெர்மினல். விக்கல, வாடகைக்கு விட்டாரு, கேபிள் கனெக்‌ஷன் மாதிரி மாசாமாசம் காசு. மெரில் லிஞ்ச்னு ஒரு பெரிய வால் ஸ்ட்ரீட் கம்பெனி முதல் பெரிய வாடிக்கையாளரா வந்து 30 சதவீதப் பங்குக்கு 3 கோடி டாலர் போட்டுச்சு.

இங்க ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கங்க. அவர் சம்பாதிச்சது பொருளை வித்து இல்ல, சிதறிக்கிடந்த தகவலை ஒரு இடத்துல சேத்து. மேயர் ஆன பின்னாடி அவர் பண்ணுன நல்லது முக்காவாசி இதே வேலைதான். மோசமா சறுக்குன இடமும் இதே வேலைதான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

சிட்டி ஹாலுக்குக் கொண்டு போனது

2001 தேர்தல்ல சொந்தக் காசு 7 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி நின்னாரு. அதுவரைக்கும் ஜனநாயகக் கட்சியில இருந்தவர், அங்க போட்டி ஜாஸ்தின்னு குடியரசுக் கட்சிக்கு மாறி நின்னாரு. உள்கட்சித் தேர்தல் நாளே செப்டம்பர் 11, அன்னைக்குத்தான் ரெட்டைக் கோபுரத் தாக்குதல், ஓட்டுப்பதிவைப் பாதியில நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப நடத்துனாங்க. இடிஞ்ச ஊரை நிமித்த ஒரு நிர்வாகி வேணுங்கிற மனநிலையில ஜனங்க இருந்தாங்க, நவம்பர்ல கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 2002 ஜனவரி 1-ல் பதவி ஏத்தப்ப வயசு 59. சம்பளம் வருஷத்துக்கு 1 டாலர் போதும்னுட்டாரு.

அவர் செஞ்சதுல மூணை மட்டும் விரிவாச் சொல்றேன்.

1. சுவரை எடுத்தது. மேயருக்குன்னு தனி ரூம் வச்சு உக்காராம, சிட்டி ஹால்ல ஒரு பெரிய கூடத்துல டிரேடிங் ரூம் மாதிரி வரிசையா மேசை போட்டு நடுவுல அவரும் உக்காந்தாரு. துணை மேயர், ஆலோசகர் எல்லாரும் சுத்தி. டிரேடிங் ரூம்ல கத்துனா கேக்குற தூரத்துல எல்லாரும் இருக்கணும், அதே பழக்கம். நம்ம மதுரை மாநகராட்சி ஆபீஸ் இருக்கிற அறிஞர் அண்ணா மாளிகையில ஒரு ஃபைல் ஒரு ரூம்ல இருந்து பக்கத்து ரூமுக்குப் போக எத்தனை நாள் ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இது எம்புட்டுப் பெரிய விஷயம்னு புரியும்.

2. 311. 2003 மார்ச்ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி குப்பைக்கு ஒரு நம்பர், சத்தத்துக்கு ஒரு நம்பர், ரோட்டுப் பள்ளத்துக்கு ஒரு நம்பர்னு போன் டைரக்டரியில பக்கம் பக்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே நம்பர் ஆக்குனாங்க. வெளியில இருந்து பாத்தா இது வெறும் புகார் எண், நம்ம கிட்டயும்தான் இருக்கு. வித்தியாசம் என்னன்னா, ஒவ்வொரு புகாரும் இடம், நேரம், வகையோட பதிவாகி ஒரே கிடங்குல போய் விழுந்துச்சு. மேயருக்கு அது புகார்ப் பெட்டி இல்ல, விலைப்பட்டியல் மாதிரி ஒரு தகவல் சந்தை.

இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு, நம்ம சமையக்கட்டு வரைக்கும் வர்ற கதை. 2005-ல் இருந்து அப்பப்ப மன்ஹாட்டன்ல திடீர்னு இனிப்பா ஒரு வாசனை வரும், அவங்க ஊர்ல தோசைக்கு ஊத்திக்கிற மேப்பிள் சிரப் மாதிரி. தாக்குதல் நடந்து நாலு வருஷம்தான் ஆகுது, எவனோ விஷவாயு விடுறான்னு ஜனம் பயந்துச்சு. 311-க்கு வந்த போன் எல்லாத்தையும் மேப்ல குத்தி, அந்த நேரத்துல காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னு சேத்துப் பாத்து, பின்னாடியே நூல் பிடிச்சுப் போனா ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில ஒரு வாசனைப் பொருள் ஃபேக்டரி. அரைச்சது என்ன தெரியுமா, வெந்தயம். 2009-ல் மேயரே பிரஸ்மீட்ல சொன்னாரு. நம்ம ஊர்ப் பாட்டி ஒருத்தங்க அங்க இருந்திருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

3. எந்த வீட்டை முதல்ல பாக்குறது. ஒரு குடும்பத்துக்குக் கட்டுன வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பத்து குடும்பத்துக்கு வாடகைக்கு விடுறது அங்க பெரிய பிரச்சினை, தீப்பிடிச்சா உயிர் போகும். வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல புகார் வரும், போய்ப் பாக்க சுமார் 200 இன்ஸ்பெக்டர். வரிசைப்படி போனா நூத்துக்கு 13 இடத்துலதான் உடனே காலி பண்ண வைக்கிற அளவுக்கு ஆபத்து இருந்துச்சு. மேயர் ஆபீஸ்ல ஒரு சின்ன டீம் வரி பாக்கி, கடன் கட்டாம ஜப்தி, கட்டடத்தோட வயசு, பழைய தீ விபத்துன்னு வேற வேற டிபார்ட்மென்ட் நோட்டை ஒண்ணு சேத்து எது ஆபத்துன்னு முன்கூட்டியே வரிசைப்படுத்துச்சு. அப்புறம் நூத்துக்கு 70 தாண்டுச்சு. இன்ஸ்பெக்டர் ஒருத்தர்கூடக் கூடல.

இம்புட்டும் படிச்சா "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு தோணும். தோணட்டும், இப்ப நாற்காலிக்கு வருவோம்.

நாற்காலி குடுத்தது: ரெண்டு வகை மேயர்

நியூயார்க் மேயர்ங்கிறது நிர்வாகத் தலைவர். மதுரை மேயர்ங்கிறது மன்றத்தோட தலைவர். ரெண்டுக்கும் பேரு ஒண்ணு, வேலை வேற.

1. தேர்வு. நியூயார்க்ல ஜனங்க நேரா ஓட்டுப் போடுறாங்க. தமிழ்நாட்டுல இது மாறிக்கிட்டே இருக்கு: 1996, 2001-ல் நேரடித் தேர்தல், 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க, 2011-ல் மறுபடி நேரடி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். அதாவது மதுரையோட 100 வார்டுல ஒண்ணுல ஜெயிச்சு, அப்புறம் மன்றத்துல பெரும்பான்மை வச்சிருக்கிற கட்சி உங்க பேரைச் சொன்னாத்தான் மேயர். "கட்சி வேணாம், தனி ஆளா ஒரு இன்ஜினியர் வரட்டும்"ங்கிற ஆசை இந்த இடத்துலயே முட்டி நின்னுரும். 2022-ல் மதுரை மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்குனது வேற, ஆகவே வாட்ஸ்அப்ல துடிச்ச பாதிப் பேருக்கு மனு போடவே வழி இல்ல.

2. அதிகாரிங்க. ப்ளூம்பெர்க் டிபார்ட்மென்ட் தலைவர்களை அவரே வச்சாரு, பிடிக்கலன்னா அவரே மாத்தலாம். இங்க நிர்வாக அதிகாரம் கமிஷனர் கையில, கமிஷனரை நியமிக்கிறதும் மாத்துறதும் மாநில அரசு. மேயர் கூட்டத்தை நடத்தலாம், தீர்மானம் போட வைக்கலாம், கேள்வி கேக்கலாம். ஒரு உதவிப் பொறியாளரைக்கூட (ஏஇ) அவர் கையெழுத்துல மாத்த முடியாது. மன்றத்தோட தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கு.

3. போலீஸ். அங்க போலீஸ் கமிஷனர் மேயரோட ஆளு. இங்க முழுக்க மாநில அரசு. டிராஃபிக் சிக்னல்ல இருந்து சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து வரைக்கும் மேயர் சொல்லித்தான் நடக்கணும்னு எதுவும் இல்ல.

4. வரி. 2002-ல் தாக்குதலுக்குப் பின்னாடி கஜானாவுல பெரிய ஓட்டை. ப்ளூம்பெர்க் சொத்து வரியை 25 சதவீதம் ஏத்தணும்னாரு, கவுன்சில் பேரம் பேசி 18.5 சதவீதத்துல நிறுத்துச்சு. ஜனங்க திட்டுனாங்க, ஆனா யாரைத் திட்டணும்னு தெளிவாத் தெரிஞ்சது. 2022-ல் தமிழ்நாட்டுல சொத்து வரி 25-ல் இருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏறுனப்ப முடிவு வந்தது மாநில அரசோட ஆணையில. மன்றத்துல தீர்மானம் மட்டும் போட்டாங்க. வீட்டு வாசல்ல திட்டு வாங்குனது வார்டு கவுன்சிலர்.

5. ஸ்கூல். இது சுவாரசியமான கேஸ், ஏன்னா நியூயார்க் மேயருக்கும் முதல்ல இந்த அதிகாரம் இல்ல. ஏழு பேர் கொண்ட கல்வி வாரியம், அதுல மேயர் போடுறது ரெண்டே பேர். ப்ளூம்பெர்க் வந்த முதல் வருஷமே மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய், ஸ்கூல் நிர்வாகத்தை என்கிட்ட குடுங்கன்னு கேட்டு சட்டத்தை மாத்தி வாங்கிட்டாரு. எந்த லீவர் யார் கையில இருக்குன்னு முதல்ல பாத்துருக்காரு. நம்மாளுங்க ப்ளூம்பெர்க் கிட்ட இருந்து காப்பி அடிக்கணும்னா ஆப் விடுறதை விட்டுட்டு இதைத்தான் அடிக்கணும்னு நான் சொல்வேன்.

இந்தப் பட்டியல் நம்ப முடியலன்னா ஒரே ஒரு சோதனை போதும். 2016 அக்டோபர்ல மதுரை மாநகராட்சி மன்றத்தோட காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது, அதிகாரிங்கதான் நடத்துனாங்க. குப்பை எடுத்தாங்க, வரி வாங்குனாங்க, ஸ்மார்ட் சிட்டின்னு பெரியார் பஸ் ஸ்டாண்டையே இடிச்சுக் கட்டுனாங்க. மேயர் இல்லாம ஒரு ஊரு அஞ்சு வருஷம் ஓடுச்சுன்னா, வண்டியோட ஸ்டீயரிங் அந்த நாற்காலியில இல்லன்னுதான் அர்த்தம்.

விளக்குத்தூண் பக்கத்துல இருக்கிற பழைய பாடம்

மதுரையில தொழில்நுட்ப ஆளும் வியாபார மூளையும் அதிகாரமும் ஒண்ணு சேந்த காலம் ஒண்ணு உண்டு, அது வெள்ளைக்காரன் காலத்துல. 1840-கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடிச்சு அகழியை மூடி ஊரைப் பெருசாக்கணும்னு நினைச்சாரு, கையில அதுக்குக் காசு இல்ல. சுவரை இடிச்சு அகழியைத் தூர்க்குறவங்களுக்கே அந்த இடம்னு அறிவிச்சாரு. வேலை நடந்துருச்சு. பக்கா வியாபாரி கணக்கு. அளந்து கோடு போட்ட சர்வேயர் மாரட், ஆளை வச்சு வேலை வாங்குனவர் பெருமாள் மேஸ்திரி. ரெண்டு பேரும் இன்னைக்கும் தெருப் பேரா இருக்காங்க, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. கோட்டைச் சுவர் நின்ன இடம் வெளி வீதி. பிளாக்பர்ன் நினைவா வச்சதுதான் விளக்குத்தூண்.

இது ஏன் சுலபமா நடந்துச்சுன்னா அன்னைக்கு மன்றமும் இல்ல ஓட்டும் இல்ல, நகராட்சியே 1866-ல்தான் வருது. கலெக்டர் ஒருத்தர் சொன்னா முடிஞ்சது. இடம் கிடைச்சவன் வாழ்த்துனான், சுவரோரம் குடிசை போட்டிருந்தவன் இருந்தா அவனை யாரு கேட்டா? அந்த மாதிரி அதிகாரம் திரும்ப வேணும்னு சொல்றவங்க அதையும் சேத்துத்தான் கேக்கணும்.

நம்ம பக்கம் மண்டி வியாபாரி நகராட்சித் தலைவர் ஆன கதையும் புதுசு இல்ல. ஈரோட்டுல பெரிய வியாபாரியா இருந்த ஈ.வெ.ரா. பெரியார், முழுநேர அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர் நகராட்சித் தலைவரா இருந்து குடிதண்ணிக் குழாய்த் திட்டம் கொண்டு வந்தவர்.

எண்ணிக்கை ஏமாத்துன இடங்கள்

ப்ளூம்பெர்க் புகழ் பாடுறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருவாங்க.

முதல் விஷயம், ரோட்டுல நிறுத்திச் சோதனை போடுறது. போலீஸ் சந்தேகப்பட்டா யாரையும் நிறுத்தி உடம்பைத் தடவிப் பாக்கலாம்ங்கிற நடைமுறை. 2002-ல் வருஷத்துக்கு 97,000 தடவை நடந்தது, 2011-ல் 6,85,000-ஐத் தாண்டுச்சு. நிறுத்துனதுல நூத்துக்கு 88 பேர் மேல எந்தக் கேஸும் இல்ல. பத்துல கிட்டத்தட்ட ஒன்பது பேர் கறுப்பின, லத்தீன் மக்கள், அதுல பெரும்பாலும் இளவட்டப் பசங்க. இதுவும் அளக்குற பழக்கம்தான்: எத்தனை பேரை நிறுத்துனோம், எத்தனை துப்பாக்கி கிடைச்சது, குற்றம் எத்தனை குறைஞ்சது. எண்ணிக்கை ஏறுனா வேலை நடக்குதுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. ஆனா பள்ளிக்கூடம் விட்டு வர்ற ஒரு பையனை மாசத்துக்கு மூணு தடவை சுவத்துல சாய்ச்சு நிறுத்துனா அவன் மனசுல என்ன ஆகுதுன்னு காட்டுற கட்டம் அந்த அட்டவணையில இல்ல. 2013 ஆகஸ்ட்ல கோர்ட் இதை நடத்துன விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிருச்சு. அதுக்கு அப்புறம் நிறுத்துறது அரை லட்சத்துக்கும் கீழ வந்துச்சு, கொலை ஒண்ணும் கூடல. இவரு மன்னிப்புக் கேட்டது 2019 நவம்பர்ல, ஜனாதிபதித் தேர்தல்ல நிக்கலாம்னு கிளம்புற நேரத்துல. அந்த நேரத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

வெந்தய வாசனையைக் கண்டுபிடிச்ச அதே மூளைதான் இதையும் நடத்துச்சு. அங்க தகவல் குடுத்தது ஜனங்க, அவங்களா போன் பண்ணுனாங்க. இங்க தகவல் எடுத்தது போலீஸ், ஜனங்க மேல கை வச்சு. ஒரே பேரு டேட்டா.

ரெண்டாவது, சிட்டிடைம். ஊழியர்கள் வேலை நேரத்தைப் பதிவு பண்ற சாஃப்ட்வேர். அவருக்கு முன்னாடியே 1998-ல் சுமார் 6.3 கோடி டாலர் மதிப்பீட்டுல தொடங்குனது, இவர் காலத்துல வீங்கி வீங்கி 70 கோடி கிட்டப் போச்சு. கன்சல்டன்ட்டுங்க கமிஷன் அடிச்சது வெளிய வந்து, காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி 2012-ல் 50 கோடி டாலர் திரும்பக் கட்டுச்சு. கம்ப்யூட்டரை வச்சே கோடீஸ்வரர் ஆனவர் ஆபீஸ்லயே இப்படி. வியாபாரியா இருந்தா பில்லைப் பாத்த உடனே கண்டுபிடிச்சுருவாருங்கிற நம்பிக்கைக்கு இது போதும்.

மூணாவது, மூணாவது தடவை. மேயர் ரெண்டு தடவைக்கு மேல நிக்கக்கூடாதுன்னு ஊரே 1993-லயும் 1996-லயும் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியிருந்தாங்க. 2008-ல் பொருளாதாரம் விழுந்தப்ப, இந்த நேரத்துல அனுபவம் உள்ள நான் வேணும்னு சொல்லி கவுன்சில்ல 29-க்கு 22-ன்னு மாத்திட்டாரு. 2009-ல் 10 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணியும் அஞ்சு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்துலதான் ஜெயிச்சாரு. 2010-ல் ஜனங்க பழைய விதியையே திரும்பக் கொண்டு வந்துட்டாங்க.

ஆல்பனியும் கோட்டையும்

இம்புட்டு அதிகாரம் இருந்தவரும் ஒரு இடத்துல நம்ம மேயர் மாதிரியே நின்னாரு. மன்ஹாட்டன் நடுப்பகுதிக்குள்ள பகல்ல வர்ற கார் ஒவ்வொண்ணுக்கும் 8 டாலர் வாங்கி, அந்தக் காசை ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போடலாம்னு 2007-ல் திட்டம் போட்டாரு. கணக்கு எல்லாம் சரியா இருந்துச்சு, மத்திய அரசு 35 கோடி டாலர் தர்றேன்னுச்சு, நகர கவுன்சிலும் ஒத்துக்கிச்சு. ஆனா இதுக்குச் சட்டம் போடுற உரிமை மாநிலத்துக்கு. 2008 ஏப்ரல்ல ஆல்பனி சட்டமன்றத்துல அதை ஓட்டெடுப்புக்கே எடுக்கல. அம்புட்டுத்தான், முடிஞ்சுபோச்சு. அதே மாதிரித் திட்டம் 2025 ஜனவரி 5-ல் 9 டாலர் கட்டணத்தோட நடைமுறைக்கு வந்துச்சு, வசூல் பண்றது மாநில அரசு நடத்துற போக்குவரத்து ஆணையம். இடையில 17 வருஷம்.

நமக்கு ஆல்பனின்னா சென்னைக் கோட்டை, ஆனா நமக்கு அது ஒரு திட்டத்துல இல்ல, எல்லாத்துலயும். நேரு ஸ்டேடியம் மாதிரி ஒண்ணு கட்டணும்னாலும், பஸ் ரூட் மாத்தணும்னாலும், தண்ணிக்கும் கூட. லோயர் கேம்ப்ல இருந்து முல்லைப்பெரியாறு தண்ணியை மதுரைக்குக் குழாய்ல கொண்டு வர்ற திட்டம் ஆயிரம் கோடிக்கு மேல, அதுல ஒன்றிய அரசோட அம்ருத்ங்கிற நகரத் திட்டத்துப் பணம், மாநில அரசு அனுமதி, மாநகராட்சி பங்கு எல்லாம் கலந்து கிடக்கு. 1992-ல் போட்ட 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புங்களுக்குக் குடுக்கலாம்னு 18 வேலையைப் பட்டியல் போட்டுச்சு. குடுத்தே ஆகணும்னு சொல்லல. அந்த ஒரு வார்த்தையிலதான் முப்பது வருஷமா நிக்கிறோம்.

சரி, அடுத்து வேட்பாளர் வந்தா

2022-ல் வந்த மன்றத்துக்கு அஞ்சு வருஷம் 2027 தொடக்கத்துல முடியுது. இன்ஜினியரோ ஜவுளிக்கடைக்காரரோ உங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தா, என்ன படிச்சீங்கன்னு கேக்குறதை விட இதைக் கேளுங்க:

1. எங்க தெரு பாதாளச் சாக்கடை அடைச்சா மாநகராட்சியில எந்த அதிகாரி கையெழுத்துப் போடணும், அவர் போடலன்னா மன்ற விதியில உங்களுக்கு என்ன வழி இருக்கு?

2. போன வருஷம் நம்ம வார்டுல எத்தனை புகார் பதிவாச்சு, எத்தனை முடிச்சாங்க, "முடிச்சாச்சு"ன்னு போட்டதுல நிஜமாவே முடிஞ்சது எத்தனை? இந்தக் கணக்கை எங்க வாங்குவீங்க?

3. வேலைக்கு அளவு எடுத்து எழுதுற எம்-புக்கைப் பாத்து ரோடு எத்தனை மில்லி கனம் போட்டிருக்குன்னு சரிபாக்கத் தெரியுமா? இன்ஜினியர்னு சொல்லிக்கிட்டு வர்றவருக்கு இது ஒண்ணுலதான் நிஜமான சாதகம், அதையும் விட்டுட்டா அப்புறம் எதுக்கு.

4. ஏரியா சபைக் கூட்டம் ஒழுங்கா நடத்துவீங்களா? 2022 நவம்பர் 1-ல் உள்ளாட்சி தினத்தன்னைக்குத் தமிழ்நாடு முழுக்க நடத்துனாங்க, வார்டைச் சின்னச் சின்னப் பகுதியாப் பிரிச்சு அங்க இருக்கிறவங்க நேரா உக்காந்து கேள்வி கேக்குற ஏற்பாடு.

நாலாவது கேள்விக்கு "அப்படின்னா என்ன"ன்னு வேட்பாளர் திருப்பிக் கேட்டா, டீயைக் குடிக்கச் சொல்லி அனுப்பிருங்க.